எடிசன் வைத்த தேர்வில் எடிசன் தேறியிருப்பாரா? - இன்டர்வியூவுக்குத் தயாராகும் பொறியாளர்களுக்கு ஒரு வாழ்க்கைக் கதை

1921-ம் ஆண்டு மே மாதம். அமெரிக்கச் செய்தித்தாள்களில் ஒரு வினாத்தாள் பரபரப்பாகப் பேசப்பட்டது. பிரான்ஸின் எல்லையில் உள்ள நாடுகள் எவை? நெப்போலியன் எங்கே பிறந்தார்? தோலை எப்படிப் பதப்படுத்துகிறார்கள்? 20 அடிக்கு 30 அடி, உயரம் 10 அடி உள்ள அறையில் இருக்கும் காற்றின் எடை எவ்வளவு? இப்படிச் சுமார் 150 கேள்விகள்.

ஏதோ பொது அறிவுப் போட்டி என்று நினைத்துவிட வேண்டாம். இது வேலைக்கான தேர்வு. வைத்தவர் தாமஸ் ஆல்வா எடிசன். அப்போது அவருக்கு வயது 74. தன் நிறுவனத்தில் பொறுப்பான பதவிகளுக்கு வந்த கல்லூரிப் பட்டதாரிகளுக்கு இந்தத் தாளைத்தான் நீட்டினார். நூற்றுக்கணக்கானோர் எழுதினார்கள்; அவர் எதிர்பார்த்த மதிப்பெண்ணைத் தொட்டவர்கள் மிகச் சிலர். படித்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று எடிசன் அலுத்துக்கொண்டார்.

அதே மாதம் பாஸ்டன் நகருக்கு வந்திருந்த ஐன்ஸ்டைனிடம் செய்தியாளர்கள், ஒலியின் வேகம் என்ன என்று கேட்டார்கள். எடிசன் தேர்வில் கேட்கப்படும் கேள்வி என்று சொல்லித்தான் கேட்டார்கள். புத்தகத்தில் இருக்கும் தகவலை நான் தலையில் சுமப்பதில்லை என்ற பொருளில் அவர் பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சரி, ஒரு கேள்வி. பள்ளிக்கூடத்தில் சில மாதங்களே உட்கார்ந்த இளம் எடிசன், 74 வயது எடிசனிடம் வேலை கேட்டு வந்திருந்தால்? அநேகமாக வேலை கிடைத்திருக்காது. ஆனால், இன்றைய கம்பெனிகள் நடத்தும் இன்னொரு வகை இன்டர்வியூ இருக்கிறது. அதில் உட்கார்ந்திருந்தால், அவரிடம் சொல்வதற்குப் பை நிறையக் கதைகள் இருந்திருக்கும்.

அது என்ன இன்டர்வியூ?

பொறியியல், டிசைன் வேலைகளுக்குப் போகிறவர்கள் தொழில்நுட்பச் சுற்றுக்கு ராத்திரி பகலாகப் படிக்கிறார்கள். அதற்கு அடுத்த சுற்றில்தான் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. டீமில் சண்டை வந்தபோது என்ன பண்ணீங்க? உங்களால் நடந்த ஒரு தவறைச் சொல்லுங்க. தோற்றுப்போன பிராஜெக்ட் ஏதாவது உண்டா? இப்படிக் கேள்விகள் வரும். இதற்குப் பெயர் ‘பிஹேவியரல் இன்டர்வியூ’, அதாவது நடத்தையை அறியும் நேர்காணல்.

இதன் அடிப்படை எளிது. ஒருவர் நாளை எப்படி வேலை செய்வார் என்பதை அறிய, நேற்று எப்படிச் செய்தார் என்று கேட்பது. நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் யாரும் அழகாகப் பதில் சொல்லிவிடலாம். என்ன செய்தீர்கள் என்று கேட்டால், செய்தவர்தான் சொல்ல முடியும். பதிலை நான்கு பகுதியாகப் பிரித்துச் சொல்லச் சொல்வார்கள்: என்ன சூழல், அதில் உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, முடிவு என்ன ஆனது. இவற்றுக்கான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து இதை ‘ஸ்டார்’ முறை என்பார்கள்.

இந்தக் கேள்விகளை எடிசனின் வாழ்க்கையிடம் கேட்டுப் பார்ப்போம்.

யாரும் சொல்லாமலே நீங்களாகச் செய்தது என்ன?

1847 பிப்ரவரி 11 அன்று ஒஹாயோ மாகாணத்தின் மிலன் என்ற சிற்றூரில் எடிசன் பிறந்தார். ஏழு குழந்தைகளில் கடைசி. அவருக்கு ஏழு வயதாகும்போது குடும்பம் மிச்சிகன் மாகாணத்தின் போர்ட் ஹியூரனுக்குக் குடிபெயர்ந்தது. ஆசிரியர் மந்தமான பையன் என்று சொன்னதால் கோபப்பட்ட தாய் நான்சி, மகனை வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவர் முன்பு ஆசிரியராக இருந்தவர். (பள்ளி அனுப்பிய கடிதத்தைத் தாய் மாற்றி வாசித்தார், எடிசன் பெரியவனான பிறகு அதைக் கண்டெடுத்து அழுதார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைக்கு ஆதாரம் இல்லை.)

12 வயதில், போர்ட் ஹியூரனுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையே ஓடும் ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்கப் போனார். 1862 ஏப்ரலில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஷைலோ சண்டைச் செய்தி டெட்ராய்ட்டுக்கு வந்தது. மற்ற பையன்களாக இருந்தால் கூடுதலாகக் கொஞ்சம் பேப்பர் வாங்கியிருப்பார்கள். எடிசன் முதலில் தந்தி அலுவலகத்துக்கு ஓடினார். வழியில் உள்ள ஸ்டேஷன்களுக்கு எல்லாம் சண்டைச் செய்தியைத் தந்தியில் சொல்லி, பலகையில் எழுதிவைக்க ஏற்பாடு செய்தார். அதன் பிறகு பத்திரிகை அலுவலகத்துக்குப் போய், வழக்கத்தைவிடப் பல மடங்கு பிரதிகளைக் கடனில் வாங்கினார். ரயில் போய்ச் சேரும்போது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூட்டம் காத்திருந்தது. விலையை ஏற்றி விற்றும் அத்தனையும் தீர்ந்துபோனது.

15 வயதுப் பையன். சூழல், செயல், விளைவு எல்லாம் இருக்கிறது. இன்டர்வியூவில் இதைச் சொன்னால் இரண்டு நிமிடம் ஆகும். பெரிய கம்பெனி, பெரிய பதவி எதுவும் தேவைப்படவில்லை. சின்ன வேலையாக இருந்தாலும், அதில் யோசித்த இடம் எது என்பதுதான் கேட்பவருக்கு வேண்டும்.

உங்களால் நடந்த தவறு என்ன?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானோர் சொல்லும் பதில், நான் அளவுக்கு மீறி உழைத்துவிடுவேன், அதுதான் என் குறை. கேட்பவர்கள் இதை ஆயிரம் முறை கேட்டிருப்பார்கள். எடிசனிடம் இதைவிட நல்ல பதில் இருந்தது.

ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் குழந்தையை ரயில் பெட்டி மோதாமல் காப்பாற்றினார் எடிசன். அதற்கு நன்றியாக அவர் தந்தி வேலையைக் கற்றுக்கொடுத்தார். 16 வயதில் கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்ட் சந்திப்பில் இரவுத் தந்தியாளராகச் சேர்ந்தார். தூங்கவில்லை என்பதற்கு அடையாளமாக மணிக்கு ஒரு முறை சிக்னல் அனுப்ப வேண்டும். பகலில் தன் சோதனைகளில் மூழ்கிக் கிடந்தவருக்கு இரவில் தூக்கம் வந்தது. கடிகாரத்தோடு இணைத்து, சிக்னலைத் தானாக அனுப்பும் ஒரு கருவியைச் செய்துவிட்டார்! மாட்டிக்கொண்டு திட்டும் வாங்கினார்.

பிறகு வந்ததுதான் பெரிய தவறு. ஒரு ரயிலை நிறுத்திவைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. சிக்னல் காட்டுபவரைத் தேடி ஓடுவதற்குள் ரயில் போய்விட்டது. அதே தண்டவாளத்தில் எதிரே இன்னொரு ரயில் வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் பார்த்து நிறுத்தியதால் விபத்து நடக்கவில்லை. விசாரணையில் தண்டனை கிடைக்கும் என்று பயந்த எடிசன், அங்கிருந்து ஊர் திரும்பிவிட்டார்.

புகழின் உச்சத்தில் இருந்தபோதும் இதை மறைக்காமல் அவரே நினைவுகூர்ந்தார். ஆனால், கதை இங்கே முடிந்தால் இன்டர்வியூவில் அது பாதிப் பதில்தான். அந்தத் தவறுக்குப் பிறகு என்னிடம் என்ன மாறியது என்ற மீதிப் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த சம்பவத்தில் எடிசனிடம் அந்த மீதியும் இருக்கிறது.

யாருக்கும் வேண்டாத பொருளைச் செய்திருக்கிறீர்களா?

1869 ஜூன் 1 அன்று எடிசனுக்கு முதல் காப்புரிமை கிடைத்தது. அப்போது வயது 22. சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் போடும் ஓட்டை மின்சாரத்தால் உடனே எண்ணிக் காட்டும் கருவி. அருமையாக வேலை செய்தது. வாஷிங்டனில் காட்டப்போனபோது அரசியல்வாதிகள் வேண்டவே வேண்டாம் என்றார்கள். காரணம்? ஓட்டெடுப்பு மெதுவாக நடப்பதுதான் அவர்களுக்கு வசதி. அந்த இடைவெளியில்தான் பேரம் பேச முடியும், மனத்தை மாற்ற முடியும், மசோதாவைத் தள்ளிப்போட முடியும்.

டிசைன் படிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். கருவியில் கோளாறே இல்லை. கேட்காமல் விட்ட கேள்வியில்தான் கோளாறு. வாங்குவதற்கு ஆள் இல்லாத எதையும் இனிக் கண்டுபிடிப்பதில்லை என்று எடிசன் முடிவெடுத்தார்.

அந்த முடிவை அவர் எப்போதும் காப்பாற்றினாரா என்றால், இல்லை. 1890-ல் சிறிய போனோகிராஃபை உள்ளே வைத்த பேசும் பொம்மையை அவருடைய நிறுவனம் விற்பனைக்கு விட்டது. எளிதில் உடைந்தது, குரல் கரகரவென்று பயமுறுத்தியது. சில வாரங்களிலேயே சந்தையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. கற்ற பாடத்தை இன்னொரு முறை படிக்க வேண்டிவந்தது என்று சொன்னால், கேட்பவர்கள் குறைவாக மதிப்பிட மாட்டார்கள். நம்புவார்கள்.

நீங்கள் செய்தது எது, டீம் செய்தது எது?

மின்விளக்கை எடிசன் கண்டுபிடித்தார் என்று பள்ளிப் பாடத்தில் படித்தோம். உண்மை அதைவிடச் சுவாரசியமானது. அவருக்கு முன்பே பலர் மின்விளக்கை எரியவைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் அதே காலத்தில் அதே வேலையில் இருந்தார். 1883-ல் இருவரின் நிறுவனங்களும் அங்கே ஒன்றாக இணைந்தன.

எடிசன் செய்தது வேறு. ஒரு விளக்கை மட்டும் யோசிக்காமல், ஒரு நகரத்தையே யோசித்தார். வீடுகளில் அப்போது எரிந்தது கேஸ் விளக்கு. மின்விளக்கு அதோடு விலையில் போட்டி போட வேண்டும். குறைந்த மின்தடை உள்ள இழையைப் போட்டால் மின்னோட்டம் அதிகமாகும், அதைச் சுமக்கத் தடிமனான செம்புக் கம்பி வேண்டும், செலவு எகிறும். ஆகவே, அதிக மின்தடை உள்ள மெல்லிய இழை வேண்டும் என்று தீர்மானித்தார். 1879 அக்டோபரில் கரியாக்கிய பருத்தி நூல் பல மணி நேரம் தொடர்ந்து எரிந்தது. பிறகு ஜப்பானிய மூங்கிலில் செய்த இழை 1,000 மணி நேரத்தைத் தாண்டியது. 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெரு மின்நிலையம் இயங்கத் தொடங்கியபோது சுமார் 400 விளக்குகள் எரிந்தன. ஜெனரேட்டர், தரைக்கு அடியில் செல்லும் கம்பி, மீட்டர் எல்லாம் அந்த வடிவமைப்பில் அடக்கம்.

இதைத் தனி ஆளாகச் செய்ய முடியுமா? 1876-ல் மென்லோ பார்க்கில் அவர் அமைத்த ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் பேட்சலர் என்ற கைத்திறன் மிக்க உதவியாளர் இருந்தார். ஜான் க்ரூசி, வரைந்து கொடுத்ததை இயந்திரமாக்கித் தந்தார். செம்புக் கம்பிக் கணக்கைப் போட்டவர் ஃபிரான்சிஸ் அப்டன் என்ற கணிதவியலாளர். எடிசன் பெயரில் இருக்கும் 1,093 அமெரிக்கக் காப்புரிமைகளுக்குப் பின்னால் இப்படிப் பலரின் கைகள் உண்டு. பேட்சலர், அப்டன் போன்றோருக்கு லாபத்தில் பங்கு கொடுத்தார். உலகம் மட்டும் ஒரே பெயரைத்தான் நினைவில் வைத்துக்கொண்டது.

இன்டர்வியூவில் இந்தக் கேள்வி இரண்டு பக்கமும் வழுக்கும். எல்லாவற்றுக்கும் நான், நான் என்றால் மற்றவர் உழைப்பை விழுங்கியதாகும். எல்லாவற்றுக்கும் நாங்கள், நாங்கள் என்றால் உங்கள் பங்கு என்ன என்பதே தெரியாது. நம் வீடுகளில் தற்பெருமை பேசாதே என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு இரண்டாவது தவறுதான் அதிகம் நடக்கும். கணக்கைப் போட்டவர் அவர், இழையைத் தேர்ந்தெடுத்தது நான் என்று பிரித்துச் சொன்னால் போதும். அது தற்பெருமை ஆகாது.

பெரிய தோல்வி எது?

1890-களில் எடிசன் நியூஜெர்சியின் ஆக்டன்ஸ்பர்க்கில் மலையை உடைத்துக்கொண்டிருந்தார். தரம் குறைந்த பாறையை ராட்சத உருளைகளால் நொறுக்கி, காந்தத்தால் இரும்புத் தாதுவைப் பிரிப்பது திட்டம். தொழில்நுட்பம் மெல்ல மெல்லச் சரியானது. ஆனால், மினசோட்டா மாகாணத்தின் மெசாபி மலைத்தொடரில் வளமான தாது குவியல் குவியலாகக் கிடைக்கவே, விலை சரிந்தது. 20 லட்சம் டாலருக்கு மேல் போச்சு. கையில் இருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் பங்குகளையும் விற்றுப் போட்டிருந்தார்.

ஆலையை மூடினார். ஆனால், பாறை நொறுக்கும் அனுபவத்தை மூட்டை கட்டி வைக்கவில்லை. அதைச் சிமென்ட் தயாரிப்புக்குக் கொண்டுபோனார். அப்போது வழக்கத்தில் இருந்ததைவிட நீளமான, 150 அடி சூளையை வடிவமைத்தார். பின்னாளில் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம் எடிசன் சிமென்ட்டில்தான் எழுந்தது. அந்தத் தொழிலிலும் பணம் கொட்டியது என்று சொல்ல முடியாது. இருந்தாலும், தோல்வியில் எதை விட்டார், எதை எடுத்துக்கொண்டார் என்பது தெளிவாகத் தெரிகிறது.

மின்கார்களுக்காக அவர் செய்த நிக்கல்-இரும்பு பேட்டரியின் கதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. சந்தைக்கு வந்த கொஞ்ச காலத்தில் சில பேட்டரிகள் கசிந்தன, சில சக்தி இழந்தன. வாங்கியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தபோதும் உற்பத்தியை நிறுத்தினார். குறையுள்ளவற்றைத் திரும்பப் பெற்றார். மேம்படுத்திய பேட்டரி 1909 வாக்கில்தான் வெளிவந்தது. அதற்குள் பெட்ரோல் கார் முந்திவிட்டது. ஆனாலும், ரயில்வே சிக்னலுக்கும் சுரங்கத் தொழிலாளர் விளக்குக்கும் அந்த பேட்டரி பயன்பட்டு, அவருக்கு நல்ல வருமானம் தந்தது. தரத்துக்கும் கெடுவுக்கும் மோதல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், இதைவிடப் பொருத்தமான பதில் கிடைப்பது கடினம்.

கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?

இங்கேதான் எடிசன் தடுமாறியிருப்பார்.

அவர் நேர்மின்னோட்டத்தை நம்பினார். அந்தக் காலத்தில் அதைத் தொலைதூரம் சிக்கனமாகக் கொண்டுபோக வழியில்லை. மாறுமின்னோட்டத்தை டிரான்ஸ்ஃபார்மரால் உயர் அழுத்தத்துக்கு மாற்றி நெடுந்தூரம் அனுப்பலாம். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் அந்தப் பாதையில் போனார். 1884-ல் எடிசனின் நிறுவனத்தில் சேர்ந்து சில மாதங்களில் விலகிய நிகோலா டெஸ்லாவின் மோட்டார் காப்புரிமைகளும் வெஸ்டிங்ஹவுஸிடம் போய்ச் சேர்ந்தன.

எதிர்த்தரப்பின் கணக்கைப் பரிசீலிப்பதற்குப் பதிலாக, அது ஆபத்தானது என்று எடிசன் தரப்பு பிரசாரம் செய்தது. 1888-ல் அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே நாய்கள், கன்றுகள், குதிரை மீது மாறுமின்னோட்டத்தைச் செலுத்திக் கொன்று காட்டினார்கள். 1890-ல் முதன்முதலாக மின்நாற்காலியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டபோது, பயன்பட்டது வெஸ்டிங்ஹவுஸ் ஜெனரேட்டர். உயர் அழுத்தக் கம்பியால் ஆட்கள் இறந்தது உண்மைதான். பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால், தன் பொருளின் மீதுள்ள பற்று அவருடைய கண்ணை மறைத்தது. 1892-ல் அவருடைய நிறுவனம் இன்னொன்றோடு இணைந்து ஜெனரல் எலெக்ட்ரிக் ஆனபோது, பெயர்ப்பலகையில் எடிசன் என்ற சொல்லே இல்லை.

கருத்து வேறுபாடு பற்றிக் கேட்பவர்கள் யார் ஜெயித்தார் என்று பார்ப்பதில்லை. எதிரே இருந்தவரின் வாதத்தை உங்களால் நியாயமாக எடுத்துச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறார்கள்.

இன்னொரு சம்பவத்தில் அவர் நின்று யோசித்தார். 1896 முதல் எக்ஸ்-ரே சோதனைகளில் ஈடுபட்ட அவருடைய உதவியாளர் கிளாரன்ஸ் டேலி, கதிர்வீச்சால் கைகளை இழந்து 1904-ல் இறந்தார். எடிசன் எக்ஸ்-ரே ஆய்வையே கைவிட்டார். வெற்றிக் கதைகளின் பட்டியலில் இது வராது. ஆனால், பொறியாளரின் பொறுப்பு என்ன என்று கேட்டால் முதலில் நினைவுக்கு வர வேண்டிய கதை இது.

அப்படியானால் எப்படித் தயாராவது?

எடிசனின் வாழ்க்கையை இவ்வளவு விவரமாகப் பேச முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. அவரும் உதவியாளர்களும் நோட்டுப் புத்தகம் எழுதினார்கள். தேதி போட்டு, படம் வரைந்து, சரிவராத சோதனையையும் சேர்த்து எழுதினார்கள். அப்படி ஆயிரக்கணக்கான நோட்டுகள் மிஞ்சியிருக்கின்றன.

இன்டர்வியூவுக்கு முந்தின இரவில் கதையை யோசித்தால் வராது. கல்லூரி பிராஜெக்ட்டோ, இன்டர்ன்ஷிப்போ, முதல் வேலையோ, வாரம் ஒரு முறை நாலு வரி எழுதிவையுங்கள்: என்ன சிக்கல், நான் என்ன முடிவெடுத்தேன், ஏன், என்ன ஆச்சு. அதிலிருந்து ஆறேழு சம்பவங்களைத் தேர்ந்தெடுங்கள். முன்முயற்சி, தவறு, தோல்வி, கூட்டு வேலை, கருத்து வேறுபாடு, பயனரைப் புரிந்துகொண்டது என ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ஒரே சம்பவம் இரண்டு கேள்விக்கும் பயன்படலாம். ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்தில், வாய்விட்டு, நண்பர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். மனப்பாடம் வேண்டாம், அடுத்து ஏன் என்று ஒரு கேள்வி வந்தாலே மனப்பாடம் உதிர்ந்துவிடும். எண்கள் இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உருவாக்காதீர்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர், என்கிட்ட சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லையே என்பார்கள். ரயிலில் பேப்பர் விற்ற பையனை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசித் தேர்வு

1929-ல், 82 வயதில் எடிசன் மறுபடியும் ஒரு தேர்வு வைத்தார். இந்த முறை நாடு முழுவதிலும் இருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி மாணவர்களுக்கு, கல்லூரி உதவித்தொகைக்காக. அறிவியல் கேள்விகளோடு வேறு விதமான கேள்விகளும் அதில் இருந்தன. எப்போது பொய் சொல்லலாம்? 10 லட்சம் டாலர் கிடைத்தால் என்ன செய்வாய்? பாலைவனத்தில் சிக்கிய குழுவில் சிலரை மட்டுமே காப்பாற்ற முடியும் என்றால் யாரை?

8 ஆண்டுகளுக்கு முன் மனப்பாடத்தைச் சோதித்த மனிதர், இப்போது மனிதரைச் சோதிக்கத் தொடங்கியிருந்தார். ஆனாலும், என்ன செய்வாய் என்றுதான் கேட்டார். என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. 1931 அக்டோபர் 18 அன்று எடிசன் இறந்தார். அவர் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியைத்தான் இன்றைய இன்டர்வியூவில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்கப்போகிறார். பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நீங்கள் எழுதிவைத்த நோட்டில் இருந்தால் சரி.